ஓர் ஆள் நிற்கும் இடம்

யாசெனோவா,
18 ஜூன் 2017

அன்புள்ள தம்பி யாகோஷ்,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். நீ பாதியில் வைத்துவிடுகிறாய், நான் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். அதனால்தான் கடிதம். இதை நீ அடுப்பில் போட்டாலும் படித்துவிட்டுத்தான் போடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு நீ காரை எடுத்துக்கொண்டு போன பிறகு அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டுக்கொண்டே, "அவன் எந்தச் சட்டைல வந்தான்னு பாத்தியா?" என்றார். பார்த்தேன். தோளில் நம் கொடி, அதற்குக் கீழே மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியின் நீலச் சின்னம். நம் மாண்டினீக்ரோ இருபத்தொன்பதாவது நாடாகக் கூட்டணியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நீ அதைக் குத்திக்கொண்டு வந்து நிற்க வேண்டுமா? வேறு சட்டையே இல்லையா உன்னிடம்?

அந்த நீலச் சின்னம் போட்ட விமானங்கள்தான் தொண்ணூற்றொன்பதில் பாலத்தில் குண்டு போட்டன. உன் அண்ணன் ஸ்ரேதன் அப்போது அந்தப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். பதினைந்து வயது. உனக்குப் பதினொன்று, உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அம்மா அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

அப்பா சொன்னதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் நீ ஊரெல்லாம் போய் "அப்பா ஏதோ கோபத்தில் உளறினார்" என்று சொல்கிறாயாம். உளறவில்லை. பெரியப்பா மகன் பிளாஷோவின் முன்னால், அவன் மனைவியின் முன்னால், எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிச் சொன்னார். "அந்தச் சட்டையப் போட்டவன் என் வாசப்படி ஏறக் கூடாது. நான் செத்தா பேப்பர்ல அவன் பேரு வரக் கூடாது." தொப்பியைக் கழற்றிச் சொன்ன சொல்லை நம் பக்கத்து ஆண்கள் எப்போது திருப்பி எடுத்திருக்கிறார்கள்?

கீழே ஆற்றங்கரையில் சீனர்கள் முகாம் போட்டுவிட்டார்கள். நம் ஆப்பிள் தோட்டத்துக்கு நேர் கீழே புது நெடுஞ்சாலையின் பாலத் தூண் எழும்புகிறது. எனக்கு அங்கே சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. உடனே முகத்தைச் சுளிக்காதே. நீ கூட்டணிச் சம்பளம் வாங்குகிறாய், நான் சீனச் சம்பளம் வாங்குகிறேன்.

அக்கா
தரிங்கா

*

போட்கோரிட்சா,
9 ஜூலை 2017

அக்கா,

அடுப்பில் போடவில்லை.

வேறு சட்டை இருந்தது. வேண்டுமென்றேதான் அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒளித்துவைத்து வந்து பிறகு யாரோ சொல்லி அவருக்குத் தெரிவதைவிட, நானே நேராக வந்து நிற்பது மரியாதை என்று நினைத்தேன். நம் வீட்டில் மரியாதைக்கு இதுதான் கூலி.

ஸ்ரேதன் அண்ணனை நான் மறந்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். பாலத்திலிருந்து அவனைத் தூக்கி வந்தபோது சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தவன் நான். அன்று முதல் ஒன்றே ஒன்றுதான் யோசித்திருக்கிறேன். நாம் ஆறு லட்சம் பேர். பெரியவர்கள் சண்டை போட்டால் நம் தலையில்தான் விழும். குண்டு போடுகிறவர்கள் உட்கார்ந்து பேசும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி இருந்தால், அடுத்த தடவை வரைபடத்தில் நம் பாலத்தைக் காட்டும்போது "அங்கே வேண்டாம், அங்கே பிள்ளைகள் நடப்பார்கள்" என்று சொல்ல ஓர் ஆளாவது இருப்பான். அந்த ஆளாக இருக்கத்தான் போனேன். அப்பாவிடம் இதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

சீனர்கள் சும்மா ரோடு போட வரவில்லை. ஆப்பிரிக்காவில் துறைமுகம், கிரேக்கத்தில் துறைமுகம், இப்போது நம் மலையில் பாலம். கடனை நம் பேரப்பிள்ளைகள் கட்டுவார்கள். நீ அவர்களுக்குச் சூப் வைத்துக் கொடு.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை, ஆனால் கோபத்தில் எழுதியது என்று தெரிந்துகொள்.

டிசம்பரில் நம் வீட்டுப் புனிதர் திருநாளுக்கு வரலாமா? கோட்டு போட்டுக்கொண்டு வருகிறேன். அப்பாவிடம் கேட்டுச் சொல்.

யாகோஷ்

*

யாசெனோவா,
27 டிசம்பர் 2017

தம்பி,

கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

திருநாள் அன்று என்ன நடந்தது என்று கேள். நம் திருநாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவனைத் திருப்பி அனுப்புவதும் இல்லை என்று நான் சமையலறையில் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். சாயங்காலம் கதவு தட்டுகிறது. முகாமின் மேஸ்திரி ஷென், தலையெல்லாம் பனி, கையில் ஒரு பெட்டி. திறந்தால் உறைந்த மீன். திருநாள் விரத மாதத்தில் வருகிறது, இறைச்சி கூடாது, மீன்தான் வேண்டும் என்று விசாரித்து வாங்கி வந்திருக்கிறார். இந்த வருடம் ஆற்றில் மீனே இல்லை. ஏன் இல்லை என்றால் இவர்களுடைய லாரிகள்தான் சரளையை அள்ளி ஆற்றைக் கலக்கிவிட்டன. அப்பா பெட்டியைப் பார்த்தார், ஷென்னைப் பார்த்தார். "நம்ம ஆத்து மீன விரட்டிட்டு ஐஸ் மீனக் கொண்டாந்திருக்கான் பாரு" என்றார். பிறகு சிரித்தார், யாகோஷ். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான்.

ஷென்னுக்கு நம் மொழியில் இருபது வார்த்தை தெரிந்தால் அதிகம். அப்பாவுக்குச் சீன மொழியில் ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் ராக்கியாச் சாராயம் ஊற்றிக்கொண்டு விடிய விடியப் பேசினார்கள். அவருக்கும் ஊரில் வயதான அப்பா இருக்கிறாராம், நாலு வருடமாகப் பார்க்கவில்லையாம். அதை விரல் விட்டுக் காட்டினார். அப்பா இப்போது அவரை நம் ஊர்ப் பேர் மாதிரி "ஷென்யோ" என்று கூப்பிடுகிறார்.

பிளாஷோ சும்மா இருப்பானா? "சித்தப்பா, சீனாக்காரன உள்ள விடுறீங்க, சொந்தப் பையன விடலியே" என்று கேட்டுவிட்டான். அப்பா, "ஒருத்தன் பாலத்த இடிச்சான், ஒருத்தன் கட்டுறான். இதுல எனக்கு என்ன குழப்பம்?" என்றார்.

ஆனால் விருந்தாளிக்குத்தான் கதவைத் திறந்தே ஆக வேண்டும். நீ விருந்தாளி இல்லையே. அதனால்தான் உன்னை வெளியே நிறுத்த அவரால் முடிகிறது.

தரிங்கா

*

லாட்வியா, முகாம்,
14 மார்ச் 2019

அக்கா,

ஒரு வருடத்துக்கு மேல் எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களும் வந்தன. என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

இங்கே எட்டு நாட்டுக்காரர்கள் ஒன்றாக இருக்கிறோம். பனி நம் பனி மாதிரி இல்லை, தட்டையாகக் கிடக்கிறது. ரஷ்ய எல்லையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. ஆனால் போன வாரம் ஒரு வகுப்பு, ரஷ்யாவைப் பற்றி இல்லை, சீனாவைப் பற்றி. ஓர் அதிகாரி திரையில் படம் போட்டு விளக்கினார். துறைமுகங்கள், தொலைபேசிக் கம்பிகள், ரயில் பாதைகள். கூட்டணிக்குள் இருக்கிற நாடுகளே சீனாவிடம் கடன் வாங்கிக் கட்டியவை. சண்டை என்று வந்தால் இந்த நாடுகள் யார் பக்கம் வாயைத் திறக்கும் என்பது பேச்சு.

அடுத்த படம் ஒரு மலைப் பள்ளத்தாக்கு. உயரமான தூண்கள். தூணுக்குப் பின்னால் சிவப்பு ஓட்டு வீடு. நான்தான் முதலில் அடையாளம் கண்டேன் என்று நினைக்கிறேன், மற்றவர்களுக்கு அது ஒரு வீடு, அவ்வளவுதான். வீட்டு முன்னால் பெஞ்சில் ஒருவர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட இன்னொருவர்.

அக்கா, இரண்டு வருடம் கழித்து அப்பாவை நான் பார்த்தது அப்படித்தான். அதிகாரி கையிலிருந்த குச்சியின் முனை அவருடைய தொப்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இளைத்துவிட்டாரா, அல்லது படம் அப்படியா?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலந்துக்காரன் முழங்கையால் இடித்தான். "இது உங்க ஊர்தானே? நாளைக்கு எங்க டாங்கி அந்தப் பாலத்து மேல போகணும்னா சாவிய யார்கிட்ட கேக்கணும், உன்கிட்டயா பீஜிங்லயா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசையில் நாற்காலி கிடைத்தால் போதும் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? கிடைத்த நாற்காலியில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் துரோகி, இந்தப் பக்கம் வந்தால் சந்தேகம்.

அந்த மஞ்சள் ஹெல்மெட் ஷென்தானே? அப்பாவுக்கு அவ்வளவு பக்கத்தில் நான்கூட உட்கார்ந்ததில்லை. பெஞ்சில் எனக்கு எப்போதும் ஓரம்தான்.

யாகோஷ்

*

யாசெனோவா,
20 அக்டோபர் 2019

தம்பி,

இளைத்துவிட்டார். படம் பொய் சொல்லவில்லை.

நுரையீரல். போட்கோரிட்சா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். வசந்தத்தைப் பார்ப்பது கஷ்டம் என்றார். அப்பாவிடம் நான் சளி என்று சொல்லியிருக்கிறேன். "சளிக்கு ஏண்டி நீ அழுவுற?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஷென்னின் ஜீப்பில். நடக்க முடியவில்லை, அவர் முதுகில் தூக்கி வந்து ஏற்றினார். இதை எழுதினால் நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். எழுதாமல் விட்டால் அது பொய்.

உன் பெயரை அவர் சொல்வதில்லை. ஆனால் டிவியில் வானிலை வரும்போது என்னை அணைக்க விடுவதில்லை. நம் ஊர் முடிந்து, பெல்கிரேட் முடிந்து, ஐரோப்பா முழுக்கக் காட்டி உன் லாட்வியாவின் ரீகா வரும். ரீகாவில் எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டு, "சரி, அணை" என்பார். போன வெள்ளிக்கிழமை மைனஸ் இரண்டு. "கம்பளி சாக்ஸ் இருக்குமா?" என்றார்.

லீவு கேள், யாகோஷ். உள்ளே விடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கேள்.

தரிங்கா

*

லாட்வியா, முகாம்,
29 நவம்பர் 2019

தரிங்கா,

அக்கா என்று எழுத இன்று மனம் வரவில்லை.

உன் குறுஞ்செய்தி வந்தது. "அப்பா போய்ட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம்." வேறு ஒரு வார்த்தை இல்லை. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. பிறகு நம் ஊர்ப் பத்திரிகையை எடுத்தேன். மரண அறிவிப்புப் பக்கம். அப்பாவின் படம், கீழே துக்கத்தில் வாடுவோர்: மகள் தரிங்கா, அண்ணன் மகன் பிளாஷோ, அவன் மனைவி, ஒன்றுவிட்ட சொந்தங்கள், பிளாஷோவின் மாமனார் வீடு வரை. மாமனார் வீட்டுக்கு இடம் இருந்திருக்கிறது. இறந்துபோன ஸ்ரேதனைக்கூட "காலஞ்சென்ற மகன்" என்று போட்டிருக்கிறீர்கள். உயிரோடு இருக்கிற மகன் இல்லை. ஆறு லட்சம் பேரும் காலையில் காபி குடிக்கும்போது முதலில் பார்க்கிற பக்கம் அது. நம் அப்பா மிலுதினுக்கு ஒரு மகன்தான், அவனும் செத்துவிட்டான் என்று நாடே படித்தது.

அதையும் தாங்கினேன். அவர் தொப்பியைக் கழற்றிச் சொன்ன சொல், நீ காப்பாற்றினாய், சரி.

ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கை கொடுக்க ஆண்கள் நிற்கிற வரிசையில், தலைமகன் நிற்க வேண்டிய முதல் இடத்தில் யார் நின்றது என்பதையும் பார்த்தேன். பேர் இல்லை, சரி. இடத்தையுமா தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

யாகோஷ்

*

யாசெனோவா,
8 ஜனவரி 2020

யாகோஷ்,

பதில் எழுத வேண்டாம் என்றாய். நாற்பதாம் நாள் முடியட்டும் என்று காத்திருந்தேன். அதுவரை எனக்கு வாய்ப்பூட்டு. இனி இல்லை. நம் பழைய காலண்டர்ப்படி கிறிஸ்துமஸ் நேற்று முடிந்தது, வீட்டில் நான் ஒருத்தி, அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த இணையப் பத்திரிகைக்காரன் சாவு வரிசையை எடுத்துப் போட்ட படத்தை நீ பார்த்திருக்கிறாய். "சீனக் கடனோடு மகனும் இலவசம்" என்று தலைப்பு வைத்தானே, அதேதான். ஊரே சிரித்தது. நீயும் அதை வைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வருகிறாய். லீவு போட்டு வர முடியாதவன் படத்தைப் பார்த்துக் கோபப்படுகிறாய். நடந்ததைக் கேள்.

சாவதற்கு ஐந்தாறு நாள் முன்னால் அப்பா என்னையும் பிளாஷோவையும் கூப்பிட்டார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "சொன்ன சொல்ல நான் திருப்பி எடுக்க மாட்டேன். பேப்பர்ல பேரு வேணாம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "பிளாஷோ, வரிசைல நீ முதல் ஆளா நிக்காத. ஒரு ஆள் எடம் விட்டு ரெண்டாவதா நில்லு" என்றார்.

பிளாஷோவுக்குப் புரியவில்லை. "யாருக்கு சித்தப்பா?" என்றான்.

"நான் யாருக்குன்னு சொல்லலியே. எடம் கெடக்கட்டும். வந்தா நிப்பான்."

நான் உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னா நான் கூப்ட்ட மாதிரி ஆயிரும். நாப்பது முடியற வரைக்கும் வாயத் திறக்காத. அவனா வரணும்." சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் என் செய்தியில் வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. அந்த நான்கு வார்த்தையை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பிளாஷோ அந்த இடத்தை விட்டு நின்றான். வருகிறவர்கள் எல்லோரும் காலி இடத்தைப் பார்த்தார்கள். சிலர் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்று தலையைக் குனிந்துவிட்டுப் பிளாஷோவிடம் போனார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, உனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

மத்தியானம் ஷென் நான்கு பேரோடு வந்தார். பெட்டியின் முன்னால் மூன்று முறை குனிந்து வணங்கினார். வெளியே வந்தவர் வரிசையைப் பார்த்தார், முதல் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தார். போய் அங்கே நின்றுவிட்டார். பிளாஷோ காதோடு, "ஐயா, அங்க இல்ல" என்றான். அவர் நேராக நிற்கச் சொல்கிறான் என்று நினைத்து இன்னும் விறைப்பாக நின்றார். சாவு வீட்டில் விருந்தாளியைக் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? பிறகு எனக்கு அவர் கை ஜாடையில் விளக்கினார். அவர்கள் ஊரில் மகன் வந்து சேரத் தாமதமானால் இறந்தவரின் சிநேகிதன் அந்த இடத்தில் நின்று வருகிறவர்களை வணங்குவானாம், மகன் வந்ததும் விலகிக்கொள்வானாம். உனக்காகத்தான் நின்றார் யாகோஷ். நீ வரும் வரைக்கும்.

நான் பெண்களோடு உள்ளே ஒப்பாரியில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. காலையிலிருந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் புண்ணாகிவிட்டது. யாரோ ஒருவர் நிற்கட்டும் என்று விட்டேன்.

நீ வந்திருந்தால் அவர் விலகியிருப்பார். நீ வரவில்லை. அப்பா தன் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே உனக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு கதவைத் திறந்தார். அதற்கு மேல் அவருக்குத் திறக்கத் தெரியாது. நீ ஒரு விமானம் ஏறி வந்திருக்கக் கூடாதா?

ஷென் அடுத்த வாரம் சீனப் புத்தாண்டுக்கு அவர் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போகிறார். பிப்ரவரி கடைசியில் திரும்பிவிடுவார்.

தரிங்கா

*

லாட்வியா, முகாம்,
2 பிப்ரவரி 2020

அக்கா,

நான் படத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தலைப்பை உன் கடிதத்தில்தான் முதலில் படித்தேன்.

நான் வந்தேன்.

பத்திரிகையைப் பார்த்த பிறகும் வந்தேன். போலந்துக்காரனிடம் கறுப்புக் கோட்டு இரவல் வாங்கினேன், சட்டையில் எந்தச் சின்னமும் இல்லை. ரீகா, பிராங்க்பர்ட், போட்கோரிட்சா. அங்கிருந்து டாக்ஸி. சீனர் முகாமுக்குப் பக்கத்தில் இறங்கித் தோட்டத்துப் பாதை வழியாக ஏறினேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன், அங்கிருந்து நம் முற்றம் முழுக்கத் தெரிகிறது. யாரிடமும் சண்டை போடுகிற எண்ணம் இல்லை. வருகிறவர்களில் ஒருவனாக வரிசைக்கு எதிரே நடந்து, பிளாஷோவுக்குக் கை கொடுத்துவிட்டு, பெட்டியைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விருந்தாளியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று நீதானே எழுதியிருந்தாய்.

அப்போது வரிசையைப் பார்த்தேன். நெருக்கமாக, தோளோடு தோளாக நின்றார்கள். இடைவெளியே இல்லை. முதல் ஆள் குட்டையாக இருந்தார், முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் குனிந்து வணங்கியபோது தெரிந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்து இதைச் செய்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். மணி அடித்து, பெட்டியைத் தூக்குகிற வரைக்கும் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்பாவைத் தூக்கிப் போனதை அங்கிருந்து பார்த்தேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

ஓர் ஆள் நிற்கிற இடத்தை அவர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு நேர் எதிரே நின்று அதைப் பார்த்துவிட்டு, எனக்கு இடம் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறேன். உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இதை எப்படிச் சுமப்பது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

ஷென் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது. அவரிடம் ஒன்று கேட்க வேண்டும், திரும்பி வந்ததும் கேட்டுச் சொல். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கம்பு ஊன்றிய ஒரு பெரியவர் வந்தார். யார் என்று தூரத்தில் தெரியவில்லை. மற்றவர்கள் போல் கை கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஷென்னின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், கண் சரியாகத் தெரியாதவர் மாதிரி, வெகு நேரம் என்னவோ சொன்னார். சொல்லும்போதே அழுதார். ஷென் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் ஆளிடம் சொன்னால் அது மகனிடம் சொல்வது. அப்பாவைப் பற்றி ஏதோ ஒன்றை அந்தப் பெரியவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஷென்னுக்கு இருபது வார்த்தைதான் தெரியும் என்று எழுதியிருந்தாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் கேள். ஒரு வார்த்தையாவது அவருக்குப் புரிந்திருக்கலாம்.

தம்பி
யாகோஷ்